இழை: உறைநிலம் இளகுகிறதா என்று எப்படி அளக்கிறார்கள்? வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

தேவிகுளம்_டீச்சர்
ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக பெர்மாஃப்ராஸ்ட் பற்றி நாலு பக்கக் குறிப்பு தயாராகிறது. மூன்று இடத்தில் இடிக்கிறது. 'நிரந்தர உறைபனி' என்று எழுதினால், ஜனவரி விடியலில் மூணாறு பக்கம் செண்டுவாரையிலும் சொக்கநாட்டிலும் புல் மேல் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தது, 2007 முதல் 2016 வரை உலகம் முழுக்க உறைநிலத்தின் வெப்பநிலை 0.29 டிகிரி ஏறியது என்று சொன்னால் "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். கடைசியாக, இதற்கும் ஆலப்புழைக் கடலோரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

மண்வாசி
டீச்சர், பனி என்ற சொல்லை முதலில் கழற்றிவிடுங்கள். வரையறை இதுதான்: தொடர்ந்து இரண்டு வருடமாவது பூஜ்ஜியம் டிகிரியைத் தாண்டாத நிலம். உள்ளே ஐஸ் இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. காய்ந்த பாறையும் கணக்கில் வரும். 'உறைநிலம்' போதும். நிரந்தரமும் வேண்டாம், அது நிரந்தரமாக இல்லாமல் போவதுதானே பேச்சே.

மூணாற்றில் புல் நுனி உறைகிற அதே நேரத்தில் ஒரு முழம் கீழே மண் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்கூட இருக்காது. பிள்ளைகளுக்குக் கிணற்றைக் காட்டுங்கள். கிணற்றுத் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் குளுகுளுவென்றும் இருக்கிறது. மாறுவது மேலே உள்ள காற்றுதான், தண்ணீர் அநேகமாக மாறுவதே இல்லை. பத்து, இருபது மீட்டர் ஆழத்தில் எந்த ஊர் நிலமும் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் கிடக்கும். அது அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டிவரும். சராசரி பூஜ்ஜியத்துக்கு நன்றாகக் கீழே போகிற ஊரில் அந்த ஆழம் உறைந்தே கிடக்கும். கோடையில் மேலே இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும் பகுதியை 'இளகடுக்கு' என்று எழுதலாம். இடத்துக்கு இடம் அது அரை மீட்டருக்கும் குறைவாக இருக்கும், சில மீட்டரும் இருக்கும்.

கிணறு என்றதும் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே ஷெர்கின் என்ற வணிகர் 1830-களில் தண்ணீருக்காக 116 மீட்டர் வரை வெட்டிப் பார்த்தார். உறைநிலம் முடியவில்லை, தண்ணீரும் வரவில்லை. அடுத்த பத்தாண்டில் மிடெண்டோர்ஃப் என்ற ஆய்வாளர் அந்தக் கிணற்றுச் சுவரில் வெப்பமானி வைத்து ஆழத்துக்கு ஆழம் அளந்தார். இந்தத் துறையின் முதல் ஒழுங்கான அளவீடுகளில் அது ஒன்று. சைபீரியாவில் உறைநிலம் சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது.

அரூர்_ஐஸ்ரூம்
'உருகுதல்' என்றும் எழுதாதீர்கள் டீச்சர். மீன் கம்பெனியில் யாரும் "மீன் உருகிவிட்டது" என்று சொல்வதில்லை, "ஐஸ் விட்டுவிட்டது" என்பார்கள். ஐஸ் உருகும், மீன் இளகும். நிலமும் அப்படித்தான்.

கேரளத்தில் உறைநிலம் கிடையாது என்று சொன்னால் குளிர்கிடங்குக்காரர்கள் சிரிப்பார்கள். மைனஸ் 20-இல் ஓடும் அறைக்கு அடியில் சரியான காப்பு இல்லாமல் தளம் போட்டால், சில வருடத்தில் கீழே மண் உறைய ஆரம்பிக்கும். உறைந்ததும் தளம் மேலே புடைக்கும், கான்கிரீட் வெடிக்கும், ரேக் சாயும், கதவு மூடாது. தண்ணீர் ஐஸானால் 9 சதவீதம் பெருக்கும் என்று பாடத்தில் உண்டல்லவா, அதை மட்டும் வைத்து இந்தப் புடைப்புக்குக் கணக்குச் சொல்ல முடியாது. உறையும் முகப்பு சுற்றிலும் உள்ள ஈரத்தைத் தன் பக்கம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது தோசைக்கல் மாதிரித் தட்டையான ஐஸ் தகடுகளாக அடுக்கடுக்காகக் கட்டும். வண்டல், களி கலந்த மண்ணில் இது மோசம். சுத்தமான சரளையில் குறைவு. அதனால்தான் காப்புக்குக் கீழே காற்றுப் போக வரக் குழாயோ சூடாக்கும் கம்பியோ பதிக்கிறார்கள். ஆர்க்டிக்கில் ஒரு வீட்டுக்காரனுக்கு வரும் தொல்லை இதற்கு நேர் எதிர்: வீட்டுச் சூடு கீழே இறங்கி உறைநிலத்தை இளக்கும். அங்கே வீட்டைத் தூண் மேல் தூக்கிக் கட்டி, அடியில் குளிர்காற்று ஓட விடுகிறார்கள்.

குமுளி_கணக்கு
0.29 டிகிரிக்கு வருகிறேன். அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் ருசிக்கும். நிலம் இடைவெளியில்லாமல் உறைந்திருக்கும் கடுங்குளிர்ப் பகுதிகளில் ஏற்றம் 0.39. அங்கங்கே திட்டுத் திட்டாக உறைந்த, பூஜ்ஜியத்தை நெருங்கி நிற்கும் பகுதிகளில் 0.20. மேலோட்டமாகப் பார்த்தால் தெற்குத் திட்டுகள் பாதுகாப்பாக இருப்பது போலத் தெரியும். நிலைமை நேர்மாறு.

ஒரு கன மீட்டர் உறைமண்ணில் கன அளவில் 60 சதவீதம் ஐஸ் என்று வையுங்கள். 550 கிலோ ஐஸ் வருகிறது. உறைந்த நிலையிலேயே அந்த மண்ணை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 2 மெகாஜூல் போதும். அதில் உள்ள ஐஸை உருக்க, கிலோவுக்கு 334 கிலோஜூல் வீதம், 184 மெகாஜூல் வேண்டும். தொண்ணூறு மடங்கு! மைனஸ் 8-இல் இருக்கும் நிலத்துக்குள் போகும் வெப்பம் அப்படியே தெர்மாமீட்டரில் தெரியும். மைனஸ் 0.3-இல் இருக்கும் நிலத்துக்குள் போகும் வெப்பத்தை ஐஸ் விழுங்கிவிடும். வருடக்கணக்கில் கோடு படுத்தே கிடக்கும், உள்ளே ஐஸ் காலியாகிக்கொண்டிருக்கும். வரைபடத்தில் மாற்றமில்லை என்றால் நிலத்தில் மாற்றமில்லை என்று படிக்கக் கூடாது.

எல்லைக்கல்
அப்படியானால் போர்வெல் போட்டு தெர்மாமீட்டர் இறக்குவதே வீண் வேலையா?

பாலக்காட்டுச்சித்தூர்
வீண் இல்லை, ஆனால் துளையைச் சரியாகப் போட்டால்தான் பயன். (பெயரைப் பார்த்து ஆந்திராவா என்று கேட்பவர்களுக்கு: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சித்தூர்.)

நம் பக்கம் திருச்செங்கோட்டு ரிக் வந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அடி இறக்குவதைப் போல அங்கே செய்ய முடியாது. கம்ப்ரசர் காற்று சூடாக வெளியே வரும். அந்தக் காற்றே துளைச் சுவரை இளக்கிவிடும். காற்றைக் குளிரவைத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரே விடாமல் உலர் முறையில் கோர் பேரல் (மண்ணை உருளையாக அறுத்தெடுக்கும் குழாய்) சுற்றி எடுக்க வேண்டும். சதுப்பு உறைந்து வண்டி போக முடிகிற குளிர்காலக் கடைசிதான் தோது.

வெளியே வரும் கோரை, அதாவது அந்த மண் உருளையை, உடனே துடைத்து, அளந்து, பையில் கட்டி உறைந்த நிலையிலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். துண்டு வெட்டி எடைபோட்டு, 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் காயவைத்து மறுபடி எடை பார்த்தால் ஐஸ் எவ்வளவு என்று தெரியும். குமுளிக்காரர் சொன்ன அந்த 60 சதவீதம் தெர்மாமீட்டரில் கிடைக்காது, இந்தக் கோரில்தான் கிடைக்கும். கோர் ஒருமுறை ஐஸ் விட்டுவிட்டால் தகடாக, ஆப்பாக, பொடியாக இருந்த ஐஸ் எல்லாம் சேர்ந்து வெறும் சேறு. அதோடு தகவலும் போச்சு.

துளைக்குள் இறக்கும் கேசிங் குழாயில் இரண்டு இடத்தில் கோட்டைவிடுவார்கள். அடியையும் இணைப்புகளையும் நீர் புகாமல் அடைக்காவிட்டால் கோடைத் தண்ணீர் உள்ளே இறங்கி உறைந்து, குழாயை நெரித்து, சென்சார் கம்பியைக் கவ்விக்கொள்ளும். பிறகு இழுத்தால் அறுந்துதான் வரும். இரண்டாவது, குளிர்காலத்தில் இளகடுக்கு உறையும்போது கேசிங்கைப் பிடித்து மேலே தூக்கும். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால், 5 மீட்டர் என்று எழுதிவைத்த சென்சார் இப்போது வேறு ஆழத்தில் தொங்கும். மேல்பகுதிக்குக் கிரீஸ் தடவி வெளி உறை போட்டு, அடியை ஆழமாக ஊன்ற வேண்டும்.

துளை போட்ட சூடு ஆற நேரம் கொடுங்கள். முதல் சில மாதக் கணக்கை நம்பி எதுவும் எழுதக் கூடாது.

வண்டிப்பெரியார்_சர்க்யூட்
கம்பி விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் ஆழத்துக்கு 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இறக்கினால், போக வர 60 மீட்டர், 5 ஓம் தடை. இரண்டே கம்பியில் 100 ஓம் பிளாட்டினம் சென்சாரை மாட்டினால் அது டிகிரிக்கு 0.39 ஓம்தான் மாறும். அந்த 5 ஓம் 13 டிகிரிப் பிழையாகத் தெரியும். கம்பியின் தடையைக் கணக்கிலிருந்து விலக்கிவிடும் நாலு கம்பி முறை இல்லாமல் பிளாட்டினத்தைத் தொடவே கூடாது. வெப்பத்துக்கு ஏற்பத் தடை வேகமாக மாறும் சென்சார்தான் தெர்மிஸ்டர். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டரில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை பூஜ்ஜியத்தில் 32,650 ஓம் காட்டும், டிகிரிக்கு சுமார் 1,650 ஓம் மாறும். அதே 5 ஓம் அங்கே 0.003 டிகிரி. கண்டுகொள்ளவே வேண்டாம். உறைநிலத் துளைகளில் தெர்மிஸ்டர் மாலை (ஒரே கேபிளில் ஆழத்துக்கு ஒன்றாகக் கோத்த சென்சார்கள்) இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மாலையை இறக்கும் முன்னால் ஐஸ் தொட்டியில் சரிபார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்த ஐஸைப் பொடியாக்கி, அதே வகைத் தண்ணீரை இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, வாய் அகன்ற தெர்மாஸ் பிளாஸ்கில் வையுங்கள். ஐஸ் வெள்ளைவெளேர் என்று இருந்தால் இன்னும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். ஈரமாகி, வெள்ளை போய்க் கண்ணாடி போலத் தெரிந்த பிறகு ஆரம்பியுங்கள். சென்சார் சுவரிலோ அடியிலோ படக் கூடாது. அடிக்கடி கிளறி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு சென்சாரின் வித்தியாசத்தையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். பத்தாண்டு ஏற்றமே 0.29 என்னும்போது 0.2 டிகிரி பொய் சொல்லும் சென்சார் எதற்கு?

தரைக்கு மேலே வரும் கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். நரி கடிக்கும். அளவைப் பதிவுசெய்யும் லாகர் கருவிக்கு சாதாரண அல்கலைன் பேட்டரி வேண்டாம், மைனஸ் 40-இல் கைவிரித்துவிடும்; லித்தியம் போடுங்கள்.

தேவிகுளம்_டீச்சர்
நன்றி சார். கோடையில் எவ்வளவு ஆழம் இளகும் என்று கணக்குப் போட ஸ்டெஃபான் சூத்திரம் கிடைத்தது: வெப்பக் கடத்துத்திறனை கோடையின் டிகிரி-நாள் கூட்டுத்தொகையால் (பூஜ்ஜியத்துக்கு மேல் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டியது) பெருக்கி, இரட்டிப்பாக்கி, உருகு வெப்பத்தால் வகுத்து வர்க்கமூலம். கடத்துத்திறன் 1, டிகிரி-நாள் 600, கன மீட்டருக்கு 400 கிலோ ஐஸ் என்று போட்டால் விடை 3 மில்லிமீட்டர் வருகிறது! எங்கே தப்பு?

குமுளி_கணக்கு
நாளை விநாடியாக மாற்றவில்லை டீச்சர். 600-ஐ 86,400-ஆல் பெருக்குங்கள். மேலே 10.37 கோடி, கீழே 400 × 3,34,000 = 13.36 கோடி. வகுத்தால் 0.776, வர்க்கமூலம் 0.88 மீட்டர். நம்பும்படியான எண்.

இதே சூத்திரத்தில் இன்னும் இரண்டு எண்ணைப் போட்டுப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். கோடைச் சூடு 600-இலிருந்து 900 ஆனால் ஆழம் 1.08 மீட்டர்தான். சூடு ஒன்றரை மடங்கு, ஆழம் சுமார் 1.22 மடங்கு. அடுத்து, கடத்துத்திறனை 0.3 ஆக்குங்கள், அதாவது மேலே காய்ந்த பாசியும் மக்கும் மூடியிருக்கிறது. 48 சென்டிமீட்டர்! காட்டுத்தீ அந்தப் போர்வையை எரித்துவிட்டாலோ புல்டோசர் சுரண்டிவிட்டாலோ காற்றின் வெப்பநிலை மாறாமலேயே இளகல் ஆழமாகும். சைபீரியாவில் படகாய்கா பள்ளம் 1960-களில் காட்டை வெட்டிய பிறகு திறந்துகொண்டதுதான். இன்று ஒரு கிலோமீட்டர் நீளம்.

பனிப்பொழிவும் போர்வைதான், ஆனால் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். குளிர்காலத் தொடக்கத்திலேயே தடிமனாக விழுந்தால் நிலத்தின் சூடு வெளியே போக வழியில்லை. பனி அதிகமானால் நிலம் குளிரும் என்று நினைப்பது பிசகு.

மண்வாசி
ஆழத்தைக் கணக்குப் போடுவது சரி, குத்திப் பார்ப்பதுதான் வேலை. 1991-இல் தொடங்கிய சர்வதேச இளகடுக்குக் கண்காணிப்பு வலையமைப்பில் வழக்கமான திட்டம்: சதுரக் கட்டம், 11-க்கு 11, ஆக 121 புள்ளி, கோடைக் கடைசியில் ஒரு சென்டிமீட்டர் பருமன் இரும்புக் கம்பியைத் தடுக்கும்வரை குத்தி அளப்பது. கேட்க எளிது. கல்லில் தட்டினால் 'ணங்' என்று கைக்கு உதைக்கும், உறைந்த மண் 'தொப்' என்று மந்தமாக நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு சாண் தள்ளி இன்னொரு குத்து. சரளைக்கல் நிலத்தில் இந்தக் கம்பி உதவாது. உப்புள்ள களிமண்ணிலும் கவனம் தேவை, பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இளகியே இருக்கும் என்பதால் கம்பி தாண்டிப் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. கம்பி அளப்பது தரையிலிருந்து. தரையே இறங்கினால்? இளகடுக்குக்கு அடியில் ஏறக்குறைய சுத்த ஐஸ் 10 சென்டிமீட்டர் உருகி, தண்ணீர் வடிந்து, தரை 8 சென்டிமீட்டர் அமுங்கினால் கம்பி காட்டும் கூடுதல் ஆழம் 2 தான். "பெரிய மாற்றமில்லை" என்று அட்டவணையில் ஏறும். ஆழமாக ஊன்றிய அசையாத கம்பத்தோடு ஒப்பிட்டு, அல்லது செயற்கைக்கோள் ரேடார் கொண்டு தரைமட்டத்தையும் சேர்த்து அளக்காத இடங்களின் பழைய கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

எல்லைக்கல்
சரி, இளகட்டும். உள்ளே புதைந்த மீத்தேன் குண்டு ஒரே நாளில் வெடிக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

மண்வாசி
குண்டு என்ற சொல் பார்வையாளர் எண்ணிக்கைக்கு நல்லது. வடக்கு உறைநிலப் பகுதி மண்ணில் 1,460 முதல் 1,600 பில்லியன் டன் கரிமம் இருக்கிறது, காற்றில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் அது சிலிண்டரில் அடைத்த வாயு அல்ல, மக்காத வேர், இலை, பாசி. குட்டநாட்டுக் கரிநிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கறுத்த மண், உள்ளே பழைய மரக்கட்டைகள், தண்ணீருக்கடியில் காற்றுப் படாததால் மக்காமல் கிடப்பவை. வடித்துக் காற்றுப் பட விட்டால் வேலை ஆரம்பம். அங்கே பூட்டு தண்ணீர், வடக்கே பூட்டு குளிர்.

எந்த வாயு வரும் என்பதை ஈரம் முடிவுசெய்கிறது. வடிந்த மேட்டில் ஆக்சிஜன் உண்டு, கார்பன்-டை-ஆக்சைடு வரும். நீர் தேங்கிய பள்ளத்தில் மீத்தேன். நெல்வயலில் கால் வைத்தால் குமிழி வருமே, அதே நுண்ணுயிர் வேலை. பல ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், காற்றுள்ள மண் விடும் கரிமம் காற்றில்லாத மண்ணைவிட 3.4 மடங்கு. மீத்தேனுக்கு நூறு வருடக் கணக்கில் கார்பன்-டை-ஆக்சைடைவிட 27 மடங்குக்கு மேல் வலிமை என்றாலும், மொத்தத்தில் காய்ந்த மண்ணின் பங்கே பெரிது என்று வந்தது. மீத்தேனை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வேகமும் ஒரே சீராக இருக்காது. ஐஸ் செறிந்த இடம் இடிந்து ஏரியாகி, சரிந்து, ஒரே கோடையில் பல மீட்டர் ஆழம் திறந்துவிடும். அப்படிப்பட்ட நிலம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கரிமத்தில் ஏறத்தாழ பாதி அதற்குள். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் அறிக்கை 2100-க்குள் ஒவ்வொரு டிகிரி உலக வெப்ப ஏற்றத்துக்கும் கார்பன்-டை-ஆக்சைடாக 18 பில்லியன் டன் கரிமம் என்று வைத்து, 3 முதல் 41 வரை இடைவெளி கொடுத்திருக்கிறது. அந்த அகலமான இடைவெளியைக் குறிப்பில் மறைக்காதீர்கள் டீச்சர்.

ஆலப்புழைக்கு: உறைநில ஐஸ் உருகிக் கடலை நேரடியாக உயர்த்தும் அளவு அற்பம். கரிமம் வாயுவாகி உலகத்தைச் சூடாக்குவது வழியாகத்தான் தொடர்பு.

அரூர்_ஐஸ்ரூம்
நம் நாட்டோடு தொடர்பு வேண்டுமானால் சிக்கிமைப் போடுங்கள். 2023 அக்டோபரில் தெற்கு லோனக் ஏரிக்குள் உறைந்த மொரெய்ன் மேடு (பனியாறு ஒதுக்கிவிட்ட கல்மண் குவியல்) சுமார் 1.47 கோடி கன மீட்டர் சரிந்து விழுந்து, எழுந்த அலை கரையை உடைத்தது. சுங்தாங் அணை போனது. இந்திய ஆராய்ச்சி நிலையம் ஹிமாத்ரி இருக்கும், நார்வேயின் ஆர்க்டிக் தீவான ஸ்வால்பார்டில் உள்ள நி-ஓலெசுண்டுக்குப் பக்கத்தில் பாயெல்வா என்ற இடத்தில் 1998 முதல் உறைநில அளவீடு நடக்கிறது, அதையும் சொல்லலாம்.

எனக்குப் பிடித்தது அலாஸ்கா எண்ணெய்க் குழாய். 1,287 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தாங்கிகளில் போகிறது. தாங்கிகளுக்குள் 1,24,000-க்குக் குறையாத வெப்பக் குழாய்கள், உள்ளே அம்மோனியா. நம் ஐஸ் பிளான்டில் உள்ள அதே சாமான், கம்ப்ரசர் மட்டும் கிடையாது. குளிர்காலத்தில் நிலத்துச் சூட்டில் அம்மோனியா கொதித்து மேலே ஏறும், காற்றுக் குளிரில் திரவமாகிக் கீழே வழியும். கோடையில் மேல்முனை சூடாக இருப்பதால் தானாக நின்றுவிடும். மின்சாரமும் வேண்டாம், வால்வும் வேண்டாம்.

தேவிகுளம்_டீச்சர்
கடைசியாக ஒன்று. குமுளி சார் சொன்ன 'கோடு படுத்தே கிடப்பதை' வகுப்பில் காட்ட முடியுமா? பள்ளி ஃபிரிட்ஜ் ஒன்றுதான் இருக்கிறது.

அரூர்_ஐஸ்ரூம்
தாராளமாக. இரண்டு பிளாஸ்டிக் டப்பா, இரண்டிலும் நன்றாகக் காய்ந்த மணல் ஒரு கிலோ. ஒன்றில் மட்டும் 250 மில்லி தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடிக்கும். நடுவில் தெர்மாமீட்டர் போகும் அளவுக்கு ஸ்ட்ரா செருகி, முந்தின நாள் மதியமே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் எடுத்து மேசையில் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவாருங்கள். மைனஸ் 15-இலிருந்து பிளஸ் 20 வரை வர காய்ந்த மணலுக்கு 28 கிலோஜூல் போதும், ஈர மணலுக்கு 140 கிட்ட வேண்டும். காய்ந்தது பூஜ்ஜியத்தை நிற்காமல் தாண்டிப் போகும், ஈரமானது அங்கேயே குந்திக்கொள்ளும்.

தேவிகுளம்_டீச்சர்
ஆற்று மணல் கிடைக்காது, எம்-சாண்ட் பரவாயில்லையா?

அரூர்_ஐஸ்ரூம்
பரவாயில்லை, இரண்டு தண்ணீரில் கழுவித் தூசியைப் போக்கிக் காயவைத்துவிடுங்கள். கடற்கரை மணலை மட்டும் எடுக்காதீர்கள். உப்பு இருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இளக ஆரம்பித்துவிடும், கோடு படுக்காமல் சரிவாக வரும்.

குமுளி_கணக்கு
அப்படியென்றால் மூன்றாவது டப்பாவில் ஒரு ஸ்பூன் உப்புப் போட்டும் வையுங்கள் டீச்சர். மண்வாசி சொன்ன உப்புக் களிமண்ணும் அதில் வந்துவிடும்.